வெந்நீர்ச் சரகத்து மிளகாய்

காட்டெருமை முதலில் தலைவரைத்தான் குத்தியது. தொடையில் கொம்பை இறக்கி, அப்படியே தூக்கி, ஆவிக்குள் வீசிவிட்டது. அவர் விழுந்த சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை.

அந்தத் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் பகுதிக்கு வெந்நீர்ச் சரகம் என்று பெயர். தரைக்கு அடியில் ராப்பகலாக உலை கொதிக்கும். சேறு கொப்பளிக்கும். காற்றில் எந்நேரமும் அழுகிய முட்டை வாடை. குளிர்காலத்தில் காடு முழுக்கப் புல் உறைந்து கருகிக் கிடக்கும்போது ஊற்றுகளைச் சுற்றி மட்டும் தரை கதகதப்பாகவும் புல் பச்சையாகவும் இருக்கும். மானும் காட்டெருமையும் அங்கே வந்துதான் ஒண்டும். அது வனக்காவலர்களுக்குத் தெரிந்த மாதிரியே திருட்டு வேட்டைக்காரர்களுக்கும் தெரியும்.

அன்று காலை ரோந்து போன இருவரில் ஒருவர் தலைவர். பதவியால் தலைவர் இல்லை. எதைக் கேட்டாலும் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்வதால் வந்த பெயர். இன்னொருத்தி மிளகாய். எருமையின் கழுத்தில் கம்பிச் சுருக்கு இறுகியிருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். சுருக்கைக் கட்டியிருந்த மரக்கட்டையைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே அது சுற்றித் திரிந்திருக்கிறது. கம்பி தோலை அறுத்துச் சதைக்குள் போயிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கிலிருந்து ரத்தம் தெறித்தது. பின்னால் ஒரு கன்று, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"தலைவரே! எங்க இருக்கீங்க? குரல் குடுங்க!"

"இங்கதான்... என்னைத் தேடாத. அதைச் சுடு!"

அத்தனை வருட வேலையில் மிளகாய் ஒரு மிருகத்தையும் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறாள். எருமை திரும்பியது. மரக்கட்டை தரையில் மோதி மோதிக் குதிக்க, அவளை நோக்கி வந்தது. முதல் குண்டு தோளில் பட்டது. அது நிற்கவில்லை. இரண்டாவது எங்கே போனதென்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. மூன்றாவதில் முன்னங்கால் மடங்கி, வந்த வேகத்திலேயே தரையை உழுதுகொண்டு வந்து அவள் பூட்ஸில் மூக்கு இடிக்கிற மாதிரி விழுந்தது. கண் திறந்திருந்தது. அவள் துப்பாக்கிக் குழாயை அதன் காதருகே வைத்து இன்னொரு முறை சுட்டாள். கன்று ஓடிவிட்டது.

பிறகு பெல்ட்டைக் கழற்றி ஓடினாள். தலைவர் புல்லில் கிடந்தார். தொடையிலிருந்து ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு பீறிட்டது. காயத்துக்கு மேலே பெல்ட்டைச் சுற்றி, முழங்காலை ஊன்றி இறுக்கினாள். அவர் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

"திட்டுங்க. திட்டிக்கிட்டே இருங்க. நிறுத்தினாத்தான் எனக்கு பயம்."

சுட்ட சத்தம் கேட்டு ஜீப் வந்தது. அதை ஓட்டி வந்தவர் அவள் புருஷன். பூங்காவின் ஜீப் டிரைவர். அதிகம் பேசாத மனிதர். மனைவியின் முகமெல்லாம் ரத்தமாக இருந்ததைப் பார்த்துக் கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"என்னுது இல்லைங்க. தூக்குங்க முதல்ல."

தலைவரை ஏற்றி அனுப்பிவிட்டு, ரேஞ்சர் வரும்வரை அவள் செத்த எருமையோடு தனியாக நின்றாள். கம்பியை அறுத்து எடுக்கலாம் என்று குனிந்தாள். தடித்த முறுக்குக் கம்பி; பாரம் தூக்குகிற கம்பி. ரத்தத்தைத் துடைத்ததும் அங்கங்கே பச்சைப் பெயின்ட் தெரிந்தது.

அந்தப் பச்சை அவளுக்குத் தெரியும். ஊருக்குள் அவள் அண்ணனின் கறிக்கடைக்கு அடித்த பச்சை. போன வருஷம் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்து, சுவர், மேசைக்கால், மாட்டைத் தூக்கித் தொங்கவிடும் கப்பி, அதன் கம்பி என்று ஒன்றையும் விடாமல் அடித்தார். "நல்லவேளை, அண்ணி குறுக்க வரல" என்று அவள்தான் கேலி செய்தாள்.

எருமையின் பக்கத்தில் உட்கார்ந்து சுருக்கைக் கழுத்திலிருந்து கழற்றினாள். பிறகு கம்பியைச் சுருட்டி எடுத்துப் போய்க் கொதிக்கும் சேற்றுக் குழி ஒன்றில் போட்டாள். அது ஒரு முறை ஏப்பம் விட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. ரேஞ்சர் வந்தபோது, "சுருக்கு அறுந்து எங்கயோ விழுந்துடுச்சு சார்" என்றாள். கழுத்தில் இருந்த வெட்டை அவர் பார்த்தார். அவளையும் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு அவர்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா மரவாடியில் கட்டை ஏற்றுகிறவர். கை இரண்டும் உலக்கை. குடித்தால் அந்தக் கைக்கு வீட்டில்தான் வேலை. அம்மா சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். மிச்சம் இருந்தது இரண்டு பிள்ளைகள். அப்பா பெல்ட்டை உருவும்போதெல்லாம் அண்ணன் தங்கையைச் சுவரோடு தள்ளி, அவள் மேல் கவிழ்ந்து கொள்வான். அடி முழுக்க அவன் முதுகில் விழும். அடியில் நசுங்கிக் கிடக்கும் அவள் காதில், "கத்தாத பாப்பா, கத்தினா இன்னும் ஜாஸ்தி அடிப்பாரு" என்பான். அவள் கத்தினதே இல்லை. பதிலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் சடையைப் பிடித்து இழுத்தபோது அவன் காதைக் கடித்துத் துப்பினாள். "இது பொண்ணா, மிளகாயா?" என்று வாத்தியார் கேட்டதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

மீசை அரும்புகிற வயதில் ஒருநாள் அண்ணன் கவிழ்ந்து படுக்கவில்லை. வாசலில் கிடந்த கடப்பாரையை எடுத்து அப்பாவின் தாடையில் ஒரே போடு போட்டான். பல் தெறித்து அடுப்படி வரை உருண்டது. அப்பா எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனவர் போனவர்தான். செத்தாரா, இருக்கிறாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. அண்ணன் மறுநாளே கறிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். அங்கே கிடைத்ததில் தங்கையைப் படிக்கவைத்தான், சீருடை வேலையில் சேர்த்தான், கல்யாணம் செய்து வைத்தான். பிற்பாடு கடையும் அவன் கைக்கே வந்தது. அந்த அண்ணன் வைத்த சுருக்கு அது.

மறுநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போனாள். அண்ணன் மரக்கட்டை மேல் எலும்பை வெட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கும் காதோரம் நரை. கப்பியில் புதுக் கம்பி பளபளத்தது.

"வா பாப்பா. சாப்பிட்டியா?"

"பழைய கம்பி எங்க?"

கத்தி பாதியில் நின்றது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

"எங்க? எருமை கழுத்துலயா?"

அவர் எழுந்து கடைக் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு."

"தலைவர் ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. இனிமே காலை நீட்டி நடப்பாரான்னு டாக்டருக்கே தெரியல. நான் கொஞ்சம் தள்ளி நின்னதால பொழைச்சேன். அந்தக் கொம்பு என் வயித்துல இறங்கியிருந்தா? அப்பவும் சாப்பிட்டியான்னு கேட்டிருப்பியா?"

"உன் ரோந்து அந்தப் பக்கம் இல்லைன்னு நினைச்சேன்."

"த்தூ!"

அவர் அறைந்தார். வாழ்க்கையில் முதல் முறை. அவள் தலை கப்பிக் கம்பியில் மோதியது. உதடு கிழிந்தது. அடுத்த கணமே அவள் மேசையில் இருந்த எடைக்கல்லை எடுத்து அவர் மேல் வீசினாள். அது தோள் எலும்பில் பட்டு, கண்ணாடிப் பெட்டியை உடைத்துக்கொண்டு போய் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். அவர் கையைப் பார்த்தார். அறைந்த அந்தக் கையை மேலங்கியில் துடைத்தார், துடைத்தார், விடவே இல்லை.

"நம்மப்பன் மாதிரியே ஆயிட்டேன் பாரு" என்றார்.

அவள் கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். "யாரு கூட?"

"லாரிக்காரன்."

லாரிக்காரனை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கறி, தோல், கொம்பு எதுவானாலும் வெளியூருக்குக் கொண்டுபோகிறவன். முதலில் ஒரு மான் என்று ஆரம்பித்தது. பிறகு நிறுத்துகிறேன் என்றபோது, "நிறுத்து, உன் தங்கச்சியோட ரேஞ்சர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்" என்றானாம்.

"இன்னும் எத்தனை சுருக்கு கிடக்கு?"

"ஊத்துகளைச் சுத்தி நிறைய."

"எல்லாத்தையும் நீயே எடு. ஒண்ணு விடாம. எடுத்துட்டு வந்து நீயே ரேஞ்சர் முன்னாடி போடு. நீ போடலைன்னா நான் சொல்லிடுவேன் அண்ணா. அம்மா மேல சத்தியம்."

அவர் தலையாட்டினார். அவள் போகும்போது, "உதட்டுக்கு ஐஸ் வை" என்றார்.

அண்ணன் மறுநாள் விடிகாலையே சொன்னபடி போனார். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு, ஊற்றுகளைச் சுற்றிப் புதரிலும் மான் தடத்திலும் வைத்திருந்த சுருக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றில் செத்து நாறிய மான் இருந்தது. இன்னொன்றில் காலை மட்டும் விட்டுவிட்டு ஓடிப்போன ஏதோ ஒரு மிருகத்தின் கால். வெட்டுவதே தொழிலாக இருந்தவர், அந்தக் காலைப் பார்த்து வாந்தி எடுத்ததாகப் பின்னால் அண்ணியிடம் சொன்னார்.

லாரிக்காரனும் அன்று காலை தன் சுருக்குகளில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்க வந்தான். வந்த இடத்தில் கூட்டாளி சாக்கும் கையுமாக நிற்கிறார்.

மிளகாய் அப்போது பலகைப் பாதையில் தனியாக வந்துகொண்டிருந்தாள். ஊற்றுகளுக்கு நடுவே பார்வையாளர்கள் நடப்பதற்காக மரப்பலகையில் போட்ட பாதை அது. அதை விட்டு இறங்கினால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூசிய மாதிரித் தரை. பார்க்கத் திண்ணென்று இருக்கும். சில இடத்தில் அப்பளம்தான், அடியில் கொதிநீர். சண்டைச் சத்தம் கேட்டு அவள் ஓடினாள். ஆவிக்குள் இரண்டு உருவங்கள் கட்டிப் புரண்டன. லாரிக்காரன் அண்ணனின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கைக்கோடாரியின் மொட்டைப் பக்கத்தால் முகத்தில் இடித்துக்கொண்டிருந்தான்.

"விடுடா அவரை! சுட்டுடுவேன்!"

வானத்தைப் பார்த்துச் சுட்டாள். லாரிக்காரன் எழுந்தான். ஓடுவான் என்று நினைத்தாள். அவன் நேராக அவளிடம் வந்தான். துப்பாக்கியைக் கீழே இறக்குவதற்குள் கோடாரி அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. துப்பாக்கி எங்கோ போய் விழுந்தது. அவள் மண்டியிட்டாள். அவன் கோடாரியைத் திருப்பிப் பிடித்தான். இப்போது கூர்ப்பக்கம்.

"அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்னை உள்ள தள்ளலாம்னு பாக்கறீங்களா?"

அண்ணன் பின்னாலிருந்து பாய்ந்து, ஒரு மாட்டைத் தள்ளுகிற மாதிரித் தோளைக் கொடுத்து அவனைத் தள்ளினார். லாரிக்காரன் தடுமாறிப் பலகைப் பாதையைத் தாண்டி வெள்ளைத் தரையில் இரண்டு எட்டு வைத்தான். தரை பொத்துக்கொண்டது. இடது கால் தொடைவரை உள்ளே போயிற்று.

அவன் போட்ட கூச்சலை மிளகாய் யாரிடமும் விவரித்ததில்லை. அதைக் கேட்டு மேய்ந்துகொண்டிருந்த மந்தை முழுக்க ஓடியது என்று மட்டும் சொல்வாள்.

"அண்ணா, பலகை! பாதையிலேருந்து ஒரு பலகையைப் பேத்து எடு!"

அண்ணன் நகரவில்லை. மூக்கு உடைந்து, ரத்தம் வழிய, அவன் வேகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சாகட்டும்" என்றார்.

"எடுடா!"

அவள் அண்ணனை 'டா' போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். அவர் குனிந்து பலகையைப் பெயர்த்தார். வெள்ளைத் தரைமேல் அதைப் போட்டதும் மிளகாய் அதன் மேல் குப்புறப் படுத்து, உடைந்த தோளை இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள். அண்ணன் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரன் கையைக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தரையைப் பிறாண்டினான். ஒவ்வொரு பிறாண்டலுக்கும் ஓரம் உடைந்து கொதிநீர் தெறித்தது. அவள் இரண்டு கையையும் உள்ளே விட்டு அவன் தொடையை அடியோடு கட்டிப் பிடித்தாள். கை வெந்தது. விடவில்லை. "இழு!" என்றாள். அண்ணன் இழுத்தார். மூன்று பேரும் ஒரு சரடாகப் பாதைக்கு வந்து விழுந்தார்கள். லாரிக்காரனின் காலில் பேண்ட்டோடு சேர்ந்து தோலும் கழன்று வந்தது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஜீப் வருகிற ஒலி தூரத்தில் கேட்டது.

"நில்லு அண்ணா. ஓடாத. நடந்ததைச் சொல்லிடலாம்."

அண்ணன் அவள் கையைப் பார்த்தார். லாரிக்காரனைப் பார்த்தார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆவிக்குள் ஓடிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு கைக்கும் முழங்கைவரை கட்டு. தோளுக்குத் தனிக் கட்டு. புருஷன்தான் ஊட்டினார், தலை வாரினார், முகம் கழுவிவிட்டார். ஒருநாள் கட்டிலில் தலை சாய்த்து, சத்தமில்லாமல் அழுதார்.

"ஏங்க, எனக்குக் கண்ணைத் தொடைக்கக் கை இல்ல. நீங்களும் அழுதா யாரு தொடைக்கறது?" என்றாள்.

லாரிக்காரனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நினைவு வந்ததும் அவன் போலீசிடம் சொன்ன கதை இது: ஊற்றைப் பார்க்க வந்தேன். பாதையை விட்டு இறங்கினேன், அது தப்புதான். இந்தப் பொம்பளை என்னை வேட்டைக்காரன் என்று நினைத்துச் சுட்டாள். ஓடினேன். பிடித்துத் தள்ளினாள், அவளும் கூட விழுந்து தோளை உடைத்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். அங்கே வேறு யாருமே இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"தள்ளினது யாரும்மா?"

"எங்க அண்ணன். என்னைக் காப்பாத்தத் தள்ளினாரு."

"அவரு எங்க?"

"தெரியாது சார்."

"சுருக்கு ஒண்ணுகூட அங்க கிடைக்கலையே."

"எல்லாத்தையும் அவர் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாரு."

"எருமை கழுத்துல இருந்த கம்பி?"

"சேத்துக்குழியில போட்டுட்டேன்."

"ஏன்?"

"அது எங்க அண்ணன் கடைக் கம்பி சார்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "நீங்க சொல்றது எல்லாமே உண்மையா இருக்கலாம். ஆனா உங்க உண்மைக்கு ஒரு சாட்சிகூட இல்லாம நீங்களே பாத்துக்கிட்டீங்க" என்றார்.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. கட்டும் கையுமாக அவள் தெருவில் நடந்தால், லாரிக்காரனின் ஆட்கள் டீக்கடையிலிருந்தே, "கொலைகாரி வர்றா, தள்ளி நில்லுங்கடா" என்பார்கள். ஒருநாள் ஒருவன் கல்லெறிந்தான். நெற்றியில் பட்டது. அவள் திரும்பி அவனிடம் நடந்துபோய், கட்டுப் போட்ட கையாலேயே முகத்தில் குத்தினாள். அவனுக்குப் பல் ஆடியது. அவளுக்குக் கொப்புளம் உடைந்து மறுபடி ஆஸ்பத்திரி.

கடைசியில் அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணனுக்குச் சாப்பாடு எங்கிருந்தோ போய்க்கொண்டிருக்கிறது என்றால் அது அண்ணிக்குத்தான் தெரிந்திருக்கும்.

அண்ணி கதவைத் திறந்தாள். அவளை மயிரைப் பிடித்து உள்ளே இழுத்து, முதுகிலும் தலையிலும் மாறி மாறி அடித்தாள். துடைப்பத்தால் அடித்தாள். துடைப்பம் பிரிந்ததும் வெறுங்கையால் அடித்தாள். "எருமைக்காக! ஒரு எருமைக்காக எங்க குடும்பத்தையே அழிச்சிட்டியேடி!" மிளகாய் தடுக்கவில்லை. கை நன்றாக இருந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டாள். அடித்து ஓய்ந்து அண்ணி தரையில் உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

அண்ணி தட்டில் போட்டுக்கொண்டு வந்து, பிசைந்து, உருட்டி ஊட்டினாள். பாதி சாப்பாட்டில் அண்ணி தன் சமையலறைப் பின்கதவைப் பார்த்து, "கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? வாங்க வெளியே" என்றாள்.

அண்ணன் வந்தார். தாடி மண்டி, கோணல் மூக்கோடு. தங்கையின் நெற்றிக் காயத்தையும் கையையும் பார்த்தார். அவள் வாயில் சோறு இருந்தது.

"சாக்கு கொல்லையில இருக்கு" என்றார். "முகத்தைக் கழுவிட்டு வரேன். போலாம்."

அண்ணி அவருக்கும் ஒரு தட்டு போட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேசைமேல் அவர் சாக்கைக் கவிழ்த்தார். சுருக்குகள் காய்ந்த ரத்தமும் மயிருமாக ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விழுந்தன. பாதிக்கு மேல் லாரியில் பாரம் கட்டுகிற கம்பி. அடியில் லாரிக்காரனின் கைக்கோடாரியும் இருந்தது. ஓடும்போது ஏன் அதை எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"தள்ளினது நான் சார். மறுபடி அதே நிலைமை வந்தா மறுபடி தள்ளுவேன். இழுத்துப் போட்டது இவ. நான் இழுக்க மாட்டேன்னுதான் நின்னேன்."

வழக்கு நடந்தது. லாரிக்காரனுக்கு வேட்டைக்கும், அவளைக் கொல்லப் பார்த்ததற்கும் சேர்த்து நீண்ட தண்டனை. அண்ணனுக்கு வேட்டைக்குத் தண்டனை. தள்ளியது தங்கையின் உயிரைக் காக்க என்று ஏற்றுக்கொண்டார்கள். தீர்ப்பு நாளில் தலைவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். அண்ணனைப் போலீஸ் அழைத்துப் போகும்போது வழியில் குறுக்கே நின்று, ஊன்றுகோலைத் தூக்கி அவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். கோல் முறிந்தது. அண்ணன் ஒரு காலில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொண்ணு வேணும்னா அடிங்க" என்றார். தலைவரிடம் கோல் இல்லை. கீழே விழப்போன அவரை அண்ணனே விலங்கு போட்ட கையால் தாங்கிப் பிடித்தார். போலீஸ்காரருக்குச் சிரிப்பதா, எழுதுவதா என்று தெரியவில்லை.

சிறைக்கு அவள் பார்க்கப் போனபோது முதலில் அண்ணன் வர மறுத்தார். அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஒருநாள் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"எதுக்கு வர்ற?"

"நீ என்ன பெரிய மந்திரியா, காரணம் சொல்லிட்டு வர? பாக்கணும்னு இருந்துச்சு, வந்தேன்."

"கை எப்படி இருக்கு?"

"ரெண்டு விரல் நிமிராது. மத்ததெல்லாம் சொன்னபடி கேக்குது."

"அன்னைக்கு உன்னை அறைஞ்சேன் பாரு. உள்ள வந்ததுலேருந்து எனக்கு வேற எதுவும் பெருசா உறுத்தல பாப்பா. அதுதான்."

"நானும் எடைக்கல்லை எறிஞ்சேனே."

"அது பத்தல" என்றார்.

வெளியே வந்தபின் அவர் கறிக்கடைப் பக்கம் போகவில்லை. மாவு அரைக்கும் மில் ஒன்றில் மூட்டை தூக்கினார். கத்தியைத் தொடுவதில்லை. வெங்காயம் நறுக்கக்கூட அண்ணிதான். அண்ணனும் தங்கையும் முன்போல ஒட்டவில்லை, வெட்டவும் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை வரும். அண்ணி எழுந்து போய்விடுவாள்.

மிளகாய்க்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் கம்பியைச் சேற்றில் போட்டதற்குத் தண்டனையாகத் துப்பாக்கியையும் ரோந்தையும் எடுத்துவிட்டு, பலகைப் பாதையில் பார்வையாளர்களை மேய்க்கிற வேலைக்குப் போட்டார்கள். "எருமையை மேய்ச்சிடலாம்" என்று புருஷனிடம் புலம்புவாள். நாள் முழுக்க ஒரே பல்லவி: பாதையை விட்டு இறங்காதீங்க, தண்ணியைத் தொடாதீங்க, மானுக்கு பிஸ்கட் போடாதீங்க.

ஒரு குளிர்காலக் காலையில், குடும்பத்தோடு வந்த ஒரு பெரிய மனிதர் அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஷூவைக் கழற்றிவிட்டு, போட்டோவுக்காக வெள்ளைத் தரையில் ஒரு காலை வைத்தார். "ஒண்ணும் ஆகாதும்மா, கல்லு மாதிரி இருக்கு" என்று இன்னொரு காலையும் தூக்கினார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்துப் பாதைமேல் போட்டு, கன்னத்தில் ஒன்று விட்டாள். மனைவி மக்கள் முன்னால். அந்த மனிதர் நேரே ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்.

ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டார். புதிதாக வந்தவர், சட்டம் தெரிந்தவர்.

"பார்வையாளரை அடிச்சீங்களா?"

"அடிச்சேன் சார்."

"அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு."

"மூணுதான் சார் பதியும். ரெண்டு நிமிராது."

ரேஞ்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இது விளையாட்டு இல்ல. இந்த மாதிரி இன்னொரு தடவை நடந்தா வேலை போயிடும். புரியுதா?"

"புரியுது சார். கன்னம் சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பலகைப் பாதைக்குத் திரும்பிப் போனாள். அடுத்த பேருந்து வந்து நின்றிருந்தது.